மேல் பிரிவுக்குப் போகும் அணி

தர்மபுரி மாவட்டக் கலைக் கல்லூரிகளின் கால்பந்து அணிகள் ஆடுவது சேலம் பெரியார் பல்கலைக்கழக அளவிலான போட்டிகளில். அங்கே கோல் அடித்துக் குவித்தவன் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டிக்குப் போனதும் திணறுவதுண்டு. திறமை போதவில்லை என்று சொல்லிவிடுவோம். உண்மையில் போதாமல் போவது நேரம். கீழ்நிலை ஆட்டத்தில் பந்தை வாங்கி, காலடியில் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்துப் பாஸ் கொடுக்கலாம். மேல்நிலையில் பந்தை இரண்டாம் முறை தொடுவதற்குள் எதிராளியின் பூட்ஸ் வந்துவிடும். பந்து வருமுன்பே தோளைத் திருப்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்பவன்தான் அங்கே பிழைப்பான். பத்து நாள் முகாமில் வரும் பழக்கமா இது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வேறு ஆட்டம்தான். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு மோதுவார்கள். ஆனாலும் மேல்நிலைக்குப் பழக ஆண்டுகள் பிடிக்கும் என்பதற்கு அங்கே நல்ல சான்று கிடைக்கிறது. யூட்டா பல்கலைக்கழக அணி 2011-இல் பசிபிக்-12 என்ற கடினமான பிரிவில் சேர்ந்தது. முதல் ஆண்டு 8 வெற்றி, 5 தோல்வி. அடுத்த இரண்டு ஆண்டுகளும் 5 வெற்றி, 7 தோல்வி. 2014-இல்தான் 9 வெற்றியோடு நிமிர்ந்தது. பிரிவுப் பட்டம் 2021-இல் கிடைத்தது. முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டு மோசமானதைக் கவனியுங்கள். பழைய பிரிவில் கடினமான ஆட்டங்கள் எப்போதாவது வரும். புதியதில் வாராவாரம் வரும். காயம்பட்டவனுக்குப் பதிலாக இறங்குபவனும் அதே தரத்தில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மாணவர்களைச் சேர்த்து வளர்த்தெடுக்க மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும்.

நம்மூரில் சென்னை சிட்டி கால்பந்து அணியின் கதையும் இதுதான். 2016-17-இல் தேசிய அளவிலான ஐ-லீக்கில் நுழைந்த அந்த அணி முதல் இரண்டு பருவங்களிலும் பத்து அணிகளில் எட்டாவது. 2018-19-இல், அக்பர் நவாஸ் பயிற்சியில், 43 புள்ளியோடு சாம்பியன். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஸ்பெயினிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வாங்கிய கோப்பை என்பார்கள். பெட்ரோ மான்சி அடித்த 21 கோல்களை மறுக்க முடியாதுதான். ஆனால் வெளிநாட்டு வீரர்கள் மற்ற அணிகளிலும் இருந்தார்கள். பட்டத்தை உறுதிசெய்த மினெர்வா அணிக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர் கௌரவ் போரா. பலமான பெங்களூரு எஃப்சி லீக்கை விட்டுப் போயிருந்ததும் உதவியது என்றால், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெங்களூரு 2017-18-இல் ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்த முதல் ஆண்டே புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்ததே என்று கேட்கலாம். அது 2016-லேயே ஏஎஃப்சி கோப்பை இறுதிவரை போய், மேல்நிலை வேகத்தைப் பார்த்துவிட்ட அணி. மாறாக, 2023-24 ஐ-லீக்கை வென்று மேலே போன முகமதன் ஸ்போர்ட்டிங், அடுத்த ஐஎஸ்எல்லில் 13 அணிகளில் கடைசி.

தென்மண்டலப் போட்டியின் தொடக்கச் சுற்றுகள் நாக்-அவுட். ஒரு தோல்வி, உடனே ஊருக்கு ரயில். தோற்றுக் கற்க அங்கே இடமில்லை. ஆகவே உடற்கல்வி இயக்குநர்கள் அந்தத் தோல்விகளை முன்கூட்டியே வாங்கித்தர வேண்டும்: பெங்களூரு பக்கத்தில்தான் இருக்கிறது, அங்குள்ள அணிகளோடு ஆண்டு முழுவதும் நட்பு ஆட்டங்கள் ஆடவையுங்கள், மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து.