கிணற்றைச் சித்திரையில் பாருங்கள்!

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 16 ஆண்டுகள் தையல் வேலை பார்த்த தம்பதி அவர்கள். பூர்வீக நிலம் கிடையாது. சேமிப்போடு நகையையும் விற்று இரண்டு ஏக்கர் வாங்க வேண்டும். அங்கேயே வீடு கட்டி, இரண்டு பிள்ளைகளோடும் பாட்டியோடும் குடியேற வேண்டும். இதுதான் அவர்களது நெடுநாள் ஆசை.

வேடசந்தூர் பக்கம் தரகர் காட்டிய தோட்டம் பார்த்ததும் பிடித்துவிட்டது. மார்கழி மாதம். கிணற்றில் தண்ணீர் தளும்பியது, வரப்பெல்லாம் பச்சை. மறுநாளே முன்பணம் கொடுக்கக் கிளம்பியவரை மாமியார் தடுத்தார். "மார்கழியில எல்லாக் கிணறும்தான் நிறைஞ்சிருக்கும் மாப்பிள்ளை. சித்திரையில ஒருக்கா பார்த்துட்டு அட்வான்ஸ் குடுங்க" என்றார்.

சித்திரையில் போனபோது கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. பக்கத்துத் தோட்டத்தில் லாரித் தண்ணீர் வாங்கித் தென்னைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பணம் கைமாறியிருந்தால் 16 ஆண்டு உழைப்பும் அந்தப் பாறையோடு போயிருக்கும்.

பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அதனால் தை வரை எந்த நிலமும் அழகாகத்தான் இருக்கும். கோடையில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, சுற்றுவட்டாரத்தில் எத்தனை போர்வெல் பொய்த்திருக்கிறது என்று அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் விசாரிக்க வேண்டும். தண்ணீரைப் பரிசோதனை செய்வதும் அவசியம். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 0.7 டெசிசீமன்ஸுக்குக் குறைவாக இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் தாங்காது.

முதலில் குத்தகை, பிறகு கிரயம்

அடுத்த முறை அவர்கள் அவசரப்படவில்லை. ஒட்டன்சத்திரம் அருகே இரண்டு ஏக்கரை ஓராண்டுக் குத்தகைக்குப் பிடித்து, ஊருக்குள் வாடகை வீட்டில் குடியேறினார்கள். கணவர் திருப்பூர் வேலையை விடவில்லை. வாரக் கடைசியில் வந்துபோனார். மனைவியும் பாட்டியும் தக்காளி, கத்திரி வைத்தார்கள்.

அந்த ஓராண்டில் கற்றது அதிகம். ஐப்பசி மழையில் கீழ்க்கோடி மூலையில் நாலைந்து நாள் தண்ணீர் தேங்கியது. வீடு கட்ட அவர்கள் மனதில் குறித்திருந்த இடமே அதுதான்! மகளின் பள்ளிக்குக் காலையில் ஒரே பேருந்து. அதைத் தவறவிட்டால் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். தக்காளி விலை சரிந்தபோது பறிகூலிகூட தேறவில்லை. ஆனால், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை அருகில் இருந்ததால் கத்திரி கைகொடுத்தது. சித்திரையிலும் கிணறு தினமும் இரண்டு மணி நேரம் இறைத்தது. அதன் பிறகே விலை பேசினார்கள்.

பத்திரத்தில் நின்ற ஒரு கையெழுத்து

அங்கும் ஒரு சிக்கல். பூர்வீக நிலம், விற்பவரோடு அவருடைய தங்கைக்கும் பங்கு இருந்தது. 'அதெல்லாம் கேட்கமாட்டாள்' என்றார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-ம் ஆண்டு வந்த திருத்தம், பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை தந்திருக்கிறது. வழக்கறிஞர் சொன்னபடி, தங்கையும் வந்து கையெழுத்திடும் வரை இரண்டு மாதம் காத்திருந்தே கிரயம் முடித்தார்கள்.

முன்பணம் கொடுக்கும் முன்...

* மூலப்பத்திரத்தைப் பாருங்கள். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

* பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 0.81.0 என்றால் ஏறக்குறைய இரண்டு ஏக்கர்.

* கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பார்த்து, புறம்போக்கோ கோயில் நிலமோ இல்லை என்று உறுதி செய்யுங்கள். 1892-ம் ஆண்டு அரசாணைப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மற்றவர்கள் வாங்கக் கூடாது.

* நில அளவரை வைத்து அளந்து, கல் நடுங்கள். வண்டிப்பாதை வரைபடத்தில் இருக்கிறதா, பக்கத்து நிலத்துக்காரரின் தயவில் நடக்கிறதா என்று பாருங்கள்.

* மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். இலவச மின்சாரத்துக்குப் புதிதாகப் பதிவு செய்தால் நீண்ட காலம் காத்திருக்க நேரலாம்.

இப்போது வீடு மேட்டு மூலையில் நிற்கிறது. தண்ணீர் தேங்கிய கீழ்மூலையில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறார்கள். மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள். வீட்டுக் கடன் அடையும் வரை கணவர் திருப்பூர் வேலையை விடுவதாக இல்லை. நிலம் வாங்க வரும் உறவினர்களிடம் பாட்டி இன்றைக்கும் முதலில் கேட்கும் கேள்வி, 'எந்த மாசம் போய்ப் பார்த்தீங்க?' என்பதுதான்.