குழந்தைகளுடன் முதுமலைக்கு

கீழ்பென்னாத்தூரில் மே மாதம் எப்படியிருக்கும் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அனுபவியாதவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. ஏரி பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். மேற்கே அண்ணாமலை வெயிலில் வெளிறி நிற்கும். பள்ளிக்கூடத்தைப் பூட்டியதுதான் தாமதம், ஊரில் மலைவாசப் பேச்சு கிளம்பிவிடும். உதகமண்டலம் சென்று, ஏரியில் படகேறி, கடைத்தெருவில் வர்க்கி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்புவது நம்மவர் வழக்கம். அதைக் குறை கூற எனக்கு எண்ணமில்லை. ஆனால், ஒன்பது வயதுப் பெண்ணையும் ஆறு வயதுப் பையனையும் அழைத்துச் செல்கிறவர்கள் அதோடு நின்றுவிடலாகாது என்பது என் அபிப்பிராயம். மலைக்கு அப்பால் முதுமலை வனம் இருக்கிறது.

நாங்கள் மோட்டார் அமர்த்தவில்லை. 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல், உயர்நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்குச் சொந்த வாகனத்தில் செல்வோர் முன்னதாகவே அநுமதிச் சீட்டுப் பெறவேண்டும். அரசாங்க பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லையில்லை. திருவண்ணாமலை, சேலம், கோயமுத்தூர் என்று பஸ் மாறி மேட்டுப்பாளையம் சேர்ந்தோம். காலை ஏழு மணிக்குச் சற்றுப் பின் மலை ரயில் புறப்படுகிறது.

இந்த ரயிலைப் பற்றி இரண்டு வார்த்தை அதிகமாகச் சொன்னால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகமண்டலம் வரையிலும் இந்தப் பாதை திறக்கப்பட்டது. நீளம் 46 கிலோமீட்டர். அதற்குள் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கடல் மட்டத்துக்கு 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டடிக்கு ஓரடி என்ற அளவில் பாதை செங்குத்தாகிவிடும். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடுகிறது. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து மேலேறுகிறது. என்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. "அப்படியானால் வண்டிக்கு வழி யார் காட்டுகிறார்கள்?" என்று பெண் கேட்டாள். முதல் பெட்டியின் முகப்பில் கொடியுடன் நிற்கும் ஊழியரைக் காட்டினேன். குன்னூர் வரை அவள் கண்கள் அவரை விட்டு அகலவில்லை. பையன் இரண்டாவது குகைக்குள் பயந்தான். நாலாவதில் எல்லோருடனும் சேர்ந்து கூச்சலிட்டான்.

உதகையில் ஓர் இரவு தங்கி, கூடலூர் வழியாகப் பஸ்ஸில் தெப்பக்காடு இறங்கினோம். "தேசியப் பூங்கா" என்ற சொல்லால் விளைந்த சங்கடம் அங்கேதான் தெரிந்தது. பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஊஞ்சல் எங்கே?" என்றான். பூங்கா என்றால் அவனுக்கு ஊஞ்சல். உண்மையில் அந்த மொழிபெயர்ப்பே எனக்கும் பிடித்தமானதல்ல.

1872-ல் அமெரிக்கர்கள் யெல்லோஸ்டோன் பிரதேசத்தைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். அந்த நிலத்தில் தொன்றுதொட்டு வேட்டையாடித் திரிந்த பூர்வகுடிகளுக்கு அதன்பின் அங்கே இடமில்லாது போயிற்று. முதுமலையின் கதை வேறு. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் வெள்ளைக்கார அரசாங்கத்தார் நிலம்பூர்க் கோவிலகத்தாரிடம் இக்காட்டைக் குத்தகைக்கு வாங்கித் தேக்கையும் ஈட்டியையும் வெட்டிச் சாய்த்தார்கள். அந்த மரங்களை இழுக்கவே யானைகளைப் பழக்கினார்கள். 1940-ல் சுமார் 60 சதுர கிலோமீட்டர் சரணாலயமாயிற்று. பின்னர் அது 321 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2007-ல் புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. மரம் இழுத்த யானைகளின் முகாம் மட்டும் இன்றும் மாயாற்றங்கரையில் இருக்கிறது.

வனத்துறையின் சிறு பஸ்ஸில் காட்டுக்குள் போனோம். புலியைக் காட்டுவதாகக் குழந்தைகளுக்கு வாக்களிக்கவே கூடாது. புலி நம்மைப் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் புள்ளிமான்கள் கூட்டங் கூட்டமாய் நின்றன. மேலே மந்திகள். மந்தி கடித்துப்போடும் தழையை மான் தின்கிறது. உயரத்திலிருந்து சிறுத்தையையோ செந்நாயையோ கண்டு மந்தி குரல் கொடுத்தால் மான் தப்பிக்கிறது. இதைச் சொன்னதும் குழந்தைகள் மானை விட்டு மரத்தைப் பார்க்கலானார்கள். ஒரு காட்டெருது, கால்களில் வெள்ளைக் காலுறை அணிந்தாற்போல், எங்களை அலட்சியமாக நோக்கிவிட்டுப் புதருள் மறைந்தது.

அந்தப் புதரையும் கவனிக்க வேண்டும். பாதிக்கு மேல் உண்ணிச்செடி. வெள்ளைக்காரர்கள் அழகுக்காக அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த செடி. அது படர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாவிட்டால் மான் ஏது, யானைக்குத்தான் தீனி ஏது? நம் ஊர் வேலியில் பூக்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

திரும்புகையில் பிரதான சாலையில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு பெண் யானை, குட்டியுடன், சாலையைக் கடக்கக் காத்திருந்தது. நாலைந்து பேர் காரிலிருந்து இறங்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தம் கைக்குழந்தையையும் தூக்கிக் காட்டினார். யானை காதுகளை விரித்து நின்றது. எங்கள் சாரதி என்ஜினை நிறுத்திவிட்டு, "உட்காருங்கள், பேசாதீர்கள்" என்றார். பையன் என் கையை இறுகப் பற்றினான். "ஏன் அப்பா அது போகவில்லை?" என்று மெதுவாகக் கேட்டான். "நாம் நிற்கிறோமே, அதனால்தான்" என்றாள் அக்காள். காவலர் வந்து அவர்களை அதட்டிக் காருக்குள் ஏற்றிய பிறகே யானை சாலையைக் கடந்தது. குட்டி நடுச்சாலையில் ஒரு கணம் நின்றது. தாய் துதிக்கையால் அதை முன்னே தள்ளிற்று.

இந்தப் பக்கத்துச் சீகூர் யானை வழித்தடத்தை மறித்து விடுதிகள் எழும்பி, வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு யானைகளின் பக்கம் தீர்ப்பளித்தது. அறை வாடகைக்குப் பிடிக்குமுன் அது எந்த இடத்தில் இருக்கிறதென்று விசாரித்துக்கொள்வது நம் பொறுப்பு.

மாலையில் யானை முகாமுக்குச் சென்றோம். தாயிழந்த ரகு என்னும் குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரின் படம் 2023-ல் ஆஸ்கார் பரிசு பெற்றதிலிருந்து இங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. பரிசைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று: அதே ஆண்டு பெள்ளியை அரசாங்கத்தார் காவடியாக, அதாவது பாகனுக்குத் துணையாக, நியமித்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலை பெற்ற முதல் பெண்மணி அவரே. காட்டு நாயக்கர், குறும்பர் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாய் வரும் வித்தை இது. எந்தக் கலாசாலையிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

கேழ்வரகுக் களியும், கொள்ளும், சோறும், வெல்லமும் பிசைந்து பெரிய பெரிய கவளங்களாக உருட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு யானைக்கும் தனிக் கணக்கு; கிழட்டு யானைக்கு ஒரு பக்குவம், நோயாளிக்கு மருந்து சேர்த்து ஒரு பக்குவம். பாகன் ஓர் அதட்டல் போட்டதும் அவ்வளவு பெரிய வாய் திறக்கிறது. பையன் கம்பிக்கு இப்பால் நின்று கவளங்களை எண்ணினான். பதினொன்றில் எண்ணிக்கை தவறிற்று. அடுத்த யானை வரும்வரை பொறுத்திருந்து, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினான்.