கட்டியைச் சுடும் தங்கத் துகள்!

சிடி-யில் பைல்களைப் பதிவதை ஏன் ‘பர்ன்’ செய்வது என்கிறார்கள்? அங்கே நிஜமாகவே சூடு உண்டாகிறது, அதனால்தான். உங்கள் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் அதன் சிடி ரைட்டருக்குள் ஒரு குட்டி லேசர் இருக்கும். அதன் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர். சிடி-ஆர் தட்டில் மெல்லிய சாயப் பூச்சு உண்டு. லேசர் ஒளியை அந்தச் சாயம் விழுங்கிச் சூடாகிறது. சூடான இடம் மட்டும் உருமாறி, நம்முடைய டேட்டா பதிவாகிறது. மேலே இருக்கும் பிளாஸ்டிக்கோ ஒளியை அப்படியே உள்ளே விட்டுவிடுவதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

பிளாஸ்டிக் இருக்கும் இடத்தில் நம் சதையையும், சாயம் இருக்கும் இடத்தில் தங்கத் துகள்களையும் வைத்துப் பாருங்கள். புற்றுநோய்க் கட்டியைக் கத்தியில்லாமல் சுட்டு அழிக்க விஞ்ஞானிகள் எடுத்த வழி இதுதான்.

சதைக்குள் ஒளி போகுமா என்று கேட்பீர்கள். இருட்டறையில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்கள் சிவப்பாக ஒளிரும். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு தப்பித்து வெளியே வருகிறது. சிவப்புக்கும் சற்று அப்பால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் 700 முதல் 900 நானோமீட்டர் வரை உள்ள ஒளியை இரத்தமும் நீரும் குறைவாகவே விழுங்கும். டிவி ரிமோட்டில் இருப்பதும் அகச்சிவப்பு ஒளிதான். ரிமோட்டின் முனையை வெப் காமிராவுக்கு நேராகப் பிடித்து பட்டனை அழுத்தினால், பெரும்பாலான காமிராக்களில் அது மினுக்குவதைப் பார்க்கலாம். (சிடி டிரைவைப் பிரித்து லேசரைப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். கண் போய்விடும்.)

சரி, தங்கம் ஏன்? நகையில் மஞ்சளாக இருக்கும் தங்கத்தை 20 நானோமீட்டர் அளவு உருண்டைகளாக்கித் தண்ணீரில் கலந்தால் சிவப்பாகத் தெரியும். மைக்கேல் பாரடே 1857-லேயே இதை ஆராய்ந்திருக்கிறார். ஒளி அலை வந்து மோதும்போது தங்கத்தில் உள்ள எலக்ட்ரான்கள் கூட்டமாக முன்னும் பின்னும் ஆடுகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் ஆட்டம் கூடுவது போல, சரியான அலைநீளம் கிடைத்தால் ஆட்டம் பலமாகி, ஒளி வெப்பமாக மாறுகிறது. ஆனால் சின்ன தங்க உருண்டைக்குப் பிடித்த ஒளி பச்சை. அது உடலுக்குள் நுழையாதே!

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் நவோமி ஹேலாஸ் 1990-களில் இதற்கு வழி கண்டார். கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவில் ஒரு நுண் உருண்டை செய்து, அதன் மேல் தங்க முலாம் பூசினார். இதற்கு நானோஷெல் என்று பெயர். முலாம் மெலிய மெலிய, அது விழுங்கும் ஒளி அகச்சிவப்பை நோக்கி நகர்கிறது. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போல 800 நானோமீட்டருக்கு டியூன் செய்துவிடலாம். மொத்த அளவு சுமார் 150 நானோமீட்டர். 2002-ல் வந்த பென்டியம் 4 சிப்பின் தொழில்நுட்பத்துக்குப் பெயரே 130 நானோமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும்.

ஹேலாஸும் அவருடன் பணியாற்றிய ஜெனிபர் வெஸ்டும் 2003-ல் வெளியிட்ட சோதனையில், எலிகளின் கட்டிக்குள் நானோஷெல்களைச் செலுத்தி 820 நானோமீட்டர் லேசரைக் காட்டினார்கள். சில நிமிடங்களில் வெப்பம் சராசரியாக 37 டிகிரி கூடியது. நானோஷெல் இல்லாத கட்டியில் அதே லேசர் 10 டிகிரிகூட ஏற்றவில்லை. இந்த வித்தியாசம்தான் இங்கே எல்லாம்.

அதே லேசரைக் கொண்டு படமும் எடுக்கலாம். கம்ப்யூட்டர் இல்லாமல் இது நடக்காது. லேசரைத் தொடர்ந்து காட்டாமல், ஒரு விநாடியில் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டும் காட்டினால், துகள்கள் சட்டென்று சூடாகி, சுற்றியுள்ள சதை துளி விரிந்து சுருங்கும். அதில் ஓர் ஒலி பிறக்கிறது. நம் காதுக்குக் கேட்காத அல்ட்ராசவுண்ட் அது. ஒளியால் ஒலி பிறப்பதை 1880-லேயே கண்டவர் டெலிபோன் புகழ் கிரகாம் பெல்.

உடலில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் ஓடும். அதாவது ஒரு மைக்ரோ விநாடிக்கு 1.5 மில்லிமீட்டர். தோல் மேல் வைத்த உணர்கருவிக்கு 20 மைக்ரோ விநாடியில் ஒலி வந்தால், அது பிறந்த இடம் 30 மில்லிமீட்டர் தூரத்தில். ஆனால் எந்தத் திசையில்? ஒரு கருவிக்குத் தெரியாது. பல கருவிகளை வைத்து, ஒவ்வொன்றின் தூரத்தையும் கம்ப்யூட்டரில் கணக்கிட்டால், எல்லாக் கணக்கும் சந்திக்கும் புள்ளியில் துகள் இருக்கிறது. இப்படி லட்சக்கணக்கான புள்ளிகளுக்குச் செய்தால் மானிட்டரில் படம் வந்துவிடும். சாப்ட்வேர் எழுதுகிற எனக்கு இந்த நுட்பத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மனிதர்களிடம் சோதித்தார்களா? சோதித்தார்கள். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் உள்ள 16 பேரிடம் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குழு செய்த சோதனையின் முடிவு 2019-ல் வெளியானது. துகள்கள் இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தப்பட்டன. லேசர் கட்டிக்குள் கண்ணாடி இழை மூலம் கொண்டு செல்லப்பட்டது. அகச்சிவப்பு ஒளியும் சில சென்டிமீட்டருக்குள் மங்கிவிடும் என்பதால் இப்படி. 16 பேரில் 15 பேருக்குத் திட்டமிட்டபடி கட்டி சுடப்பட்டது. சிறுநீர், தாம்பத்தியம் தொடர்பான அளவீடுகளில் சொல்லும்படியான பாதிப்பு காணப்படவில்லை. புராஸ்டேட் அறுவைக்கு ஆண்கள் பயப்படுவதே இந்த இரண்டுக்காகத்தான். ஆனால் 16 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை.

துகள் எப்படிக் கட்டிக்குப் போகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. வேகமாக வளரும் கட்டியின் இரத்தக் குழாய்களில் ஓட்டைகள் அதிகம். அவற்றின் வழியே துகள்கள் கசிந்து தங்கிவிடும் என்பது எதிர்பார்ப்பு. பல வகை நானோ துகள்கள் பற்றி வந்த ஆய்வுகளை 2016-ல் டொரோண்டோ பல்கலைக்கழகக் குழு தொகுத்துப் பார்த்தபோது, செலுத்தியதில் கட்டியை அடைந்தது 100-க்கு 0.7 பங்கு என்ற அளவில்தான் இருந்தது. மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலும், உடலெங்கும் பரவிவிட்ட புற்றுநோயை இந்த முறையில் துரத்திப் பிடிக்க முடியாது. லேசர் படும் இடம் மட்டுமே சுடும்.

இன்டர்நெட்டில் ‘தங்க நானோ மருந்து’ என்று குடிப்பதற்கு பாட்டில் விற்பவர்கள் உண்டு. அதை வாங்கி ஏமாறாதீர்கள். மேலே சொன்ன சிகிச்சை குடிப்பதும் அல்ல, லேசர் இல்லாமல் வேலை செய்வதும் அல்ல. யாராவது உங்களுக்கு நெருங்கியவரிடம் இதைச் சொல்லி, டாக்டர் குறித்த ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொன்னால், சோதனையின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளைச் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும். அதன் வெப்சைட்டில் பதிவு எண்ணையோ நோயின் பெயரையோ கொடுத்து யார் வேண்டுமானாலும் தேடலாம், கட்டணம் கிடையாது. எண் இல்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, நோயாளியை அவருடைய டாக்டரிடமே அழைத்துப் போங்கள்.