சிங்கத்தையே சாய்க்கும் உண்ணி: ஏற்காட்டுக் காட்டெருமைக்கும் நம்ம ஊர் மாட்டுக்கும் என்ன தொடர்பு?

மாட்டின் காதுமடலில் ஒட்டியிருக்கும் உண்ணியைப் பிடுங்கி நசுக்குவது சேலம், நாமக்கல் பக்கம் சர்வசாதாரணம். இப்படிப்பட்ட உண்ணிகள் காட்டில் சிங்கத்தின் உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

கிர் காட்டில் என்ன நடந்தது?

2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டில், தல்கானியா சரகத்தில் 23 சிங்கங்கள் இறந்தன. பரிசோதனையில் சிக்கியது இரண்டு எதிரிகள். ஒன்று, நாய்களுக்கு வரும் கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ். இன்னொன்று, உண்ணி கடித்துப் பரவும் பபேசியா என்ற ஒட்டுண்ணி. இது ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துவிடும். காய்ச்சல், ரத்தசோகை எனத் தளர்ந்து விலங்கு படுத்துவிடும்.

ஒட்டுண்ணி வந்தாலே மரணமா?

இல்லை. பெரும்பாலான காட்டு விலங்குகள் ஒட்டுண்ணிகளோடுதான் வாழ்கின்றன. தீனியும் தண்ணீரும் கிடைக்கும்வரை பெரிதாகத் தெரியாது. வறட்சி வந்தால் கணக்கு மாறும். 1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சுமார் 1,000 சிங்கங்கள் இறந்தன. அதற்கு முந்தைய வறட்சியில் மெலிந்த எருமைகள் மேல் உண்ணி மொய்த்தது. அவற்றைத் தின்ற சிங்கங்களுக்கு பபேசியா தொற்றியது. அதே நேரத்தில் டிஸ்டெம்பர் வைரஸ் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தது. வைரஸ் மட்டும் பரவிய வேறு சில ஆண்டுகளில் இப்படிக் கொத்துக் கொத்தாகச் சாகவில்லை.

சரி, நம்ம ஊருக்கு என்ன?

ஏற்காடு மலையில் காட்டெருமைகள் திரிகின்றன. அவையும் வீட்டு மாடும் நெருங்கிய சொந்தம். ஒன்றுக்கு வரும் பல புழுக்கள் மற்றதற்கும் வரும். உதாரணம், ஈரல் தட்டைப்புழு. மாட்டுச் சாணத்தில் வெளியேறும் முட்டை தண்ணீரில் பொரியும். குஞ்சு நத்தைக்குள் வளர்ந்து, பிறகு கரையோரப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை எது மேய்ந்தாலும் ஈரல் பாதிக்கும். கோடையில் தண்ணீர் வற்றினால் காட்டு மந்தையும் வீட்டு மந்தையும் ஒரே குட்டையைத் தேடி வரும். அப்போதுதான் ஆபத்து அதிகம்.

என்ன செய்யலாம்?

காட்டெருமையைப் பிடித்து மருந்து புகட்ட முடியாது. வீட்டு மாட்டுக்கு முடியும்.

• கால்நடை மருந்தகத்தில் கேட்டு, உரிய இடைவெளியில் குடற்புழு நீக்க மருந்தும் உண்ணி மருந்தும் கொடுக்கலாம்.

• காட்டு விலங்குகள் வரும் குட்டைகளுக்கு மாடுகளை ஓட்டாமல், தொட்டியில் தண்ணீர் வைக்கலாம்.

• மலையடிவாரத்தில் வளரும் நாய்களுக்கு டிஸ்டெம்பர் தடுப்பூசி போடலாம்.

• ஏற்காடு போகும்போது மெலிந்து, தள்ளாடும் விலங்கைப் பார்த்தால் கிட்டப் போய் செல்ஃபி எடுக்காதீங்க. வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்க.