நதிக்கரையும் நகர மக்களும்

நதியை நம்பி எழுந்த நகரங்கள் பல, பிற்காலத்தில் அந்நதியைக் கழிவுநீர்க் கால்வாயாகவே மாற்றிவிட்டன. இந்நிலையைப் போக்கக் கருதி, நாட்டின் பல நகரங்களில் ஆற்றங்கரைச் சீரமைப்புத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் 100 நகரங்களுள் சிலவும் இப்பணியை மேற்கொண்டன. இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக எடுத்துக்காட்டப்படுவது அகமதாபாத் நகரின் சபர்மதிக் கரையாகும். அதனைச் சற்று ஆராய்வோம்.

சபர்மதி மழைக்காலத்தில் பெருகி, ஏனைய மாதங்களில் மெலியும் ஆறு. வறண்ட மணற்பரப்பில் சலவைத் தொழிலாளர் துணி உலர்த்தினர். சிலர் காய்கறி பயிரிட்டனர். ஞாயிறுதோறும் 'குஜரி' என்னும் சந்தை கூடிற்று. கரையோரத்தில் பல்லாயிரம் ஏழைக் குடும்பங்கள் குடிசையிட்டு வாழ்ந்தன.

கரையைச் சீர்செய்யும் யோசனை 1960-களிலேயே எழுந்தது. 1997-இல் நகரசபை இதற்கெனத் தனி நிறுவனம் ஒன்றை அமைத்தது. 2005-இல் வேலை தொடங்கி, 2012-இல் நடைபாதைகள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. ஒவ்வொரு கரையிலும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பி, ஆற்றின் அகலத்தை ஒரே சீராக்கினர். அவ்வாறு மீட்ட நிலம் சுமார் 200 ஹெக்டேர். அதன் பெரும்பகுதி பூங்காவுக்கும் சாலைக்கும் ஒதுக்கப்பட்டது. ஒரு சிறு பகுதியை விற்றுச் செலவை ஈடுசெய்வது என்பது ஏற்பாடு. ஆற்றில் விழுந்த சாக்கடைகளை இடைமறித்துச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கொண்டுசெல்லக் குழாய்களும் பதிக்கப்பட்டன.

இன்று அங்கே நீர் நிறைந்து காண்கிறோம். ஆனால் அந்நீர் சபர்மதிக்கே உரியதன்று. நர்மதைக் கால்வாயிலிருந்து வந்த நீரை வாஸ்னா தடுப்பணை தேக்கி வைத்திருக்கிறது. அணைக்குக் கீழே ஆலைக் கழிவும் சாக்கடை நீரும் கலந்து ஓடும் நிலையைக் குறித்து, குஜராத் உயர்நீதிமன்றம் 2021-இல் தானாகவே விசாரணையை மேற்கொண்டது.

குடிசைவாசிகளின் நிலை யாது? அவர்களுடைய வழக்கும் உயர்நீதிமன்றத்தை எட்டிற்று. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வேறிடங்களில் அடுக்கு வீடுகள் வழங்கப்பட்டன. கூரை உறுதியாயிற்று, எனினும் பலருக்குத் தொழில் செய்யும் இடம் தொலைவாயிற்று. அன்றாடக் கூலியில் பஸ் கட்டணமும் ஒரு பெருஞ்செலவன்றோ?

ஆகவே, எந்த நகரம் தன் கரையைச் சீரமைக்க முற்பட்டாலும், மூன்று கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். நீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே போகிறது? கரையில் வாழ்ந்தவர் எங்கே சென்று பிழைப்பர்? இம்மூன்றுக்கும் தக்க விடை தரும் திட்டமே, கரையோடு நதியையும் மக்களையும் காக்கும் திட்டமாகும்.