வழக்கில் சிக்கிய சிறுவரும் பள்ளிக்கூடமும்

சிறுவன் ஒருவன் குற்றஞ் செய்தானென்று பத்திரிகையில் வெளியானதும், "சிறையில் தள்ளுக!" என்னும் கூக்குரல் எழுவது வழக்கமாகிவிட்டது. தள்ளுவது எளிது. வெளிவரும் நாளில் அவன் எத்தகைய மனிதனாக வருவான் என்பதையன்றோ தேசத்தார் யோசிக்க வேண்டும்?

இவ்விஷயத்தில் வழிகாட்டியது நம் மாகாணமே. சிறுவர்க்கென இந்தியாவில் முதன்முதல் தனிச் சட்டம் கண்டது சென்னை, வருஷம் 1920. வங்காளம் 1922-லும், பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. இன்று அமலிலிருக்கும் 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டமோ, பதினெட்டு வயது நிரம்பாதவனைப் போலீஸ் காவலறையிலோ சிறையிலோ வைக்கலாகாது என்கிறது. ஒரு மாஜிஸ்டிரேட்டும் இரு சமூக சேவகரும் அடங்கிய குழுமம் அவனை விசாரிக்கிறது. "பள்ளிக்குச் செல், தொழில் கற்றுக்கொள், ஆலோசகரிடம் செல்" என்று உத்தரவிடவும் அதற்கு அதிகாரமுண்டு.

உத்தரவு நன்றே. ஆனால் எந்தப் பள்ளிக்குச் செல்வது? கட்டாய இலவசக் கல்வி என்னும் 2009-ஆம் வருஷத்துச் சட்டத்தின் உரிமை பதினான்கு வயதோடு முடிகிறது. குழுமத்தின் முன் நிற்போரிற் பெரும்பாலோர் பதினாறைக் கடந்தவர். ஆறாம் வகுப்பிலேயே படிப்பை விட்டவனை இப்பொழுது எவ்வகுப்பில் அமர்த்துவது? சிறு பிள்ளைகளோடு உட்கார அவன் நாணுவான். அவனைச் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியர் தயங்குவார். ஆகவே அவனுக்கு வேறு வகைப் பள்ளி வேண்டும். திறந்தநிலைப் பள்ளி முறையில் பதினான்கு வயதானவன் நேரே பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பதிந்துகொள்ளலாம். அதற்கான ஆசிரியரைக் கூர்நோக்கு இல்லத்திலேயே நியமித்து, விடுதலைக்குப் பின்னும் அப்படிப்புத் தொடர ஏற்பாடு செய்வது சர்க்காரின் கடமை.

படிப்பு மட்டும் போதாது. குடிகாரத் தந்தை, கூடா நட்பு, போதைப் பொருள் ஆகியவற்றுக்கு நடுவே வளர்ந்தவன், தன் மனத்தைத் திறந்து பேச ஒருவர் வேண்டும். இல்லத்துக்குள் ஓர் ஆலோசகர், வெளியே வேறொருவர் என்று மாற்றினால் நம்பிக்கை வேரூன்றாது. உள்ளே பழகியவரே வெளியிலும் தொடர வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

"கொடுங்குற்றம் புரிந்தவனுக்குமா இவ்வளவு உபசாரம்?" என்பர் சிலர். பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் புரியும் கொடுங்குற்றங்களுக்குத் தனி விசாரணை முறையை அதே சட்டம் வகுத்துள்ளது. ஆயினும், அவனுக்கும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியற்ற ஆயுள் தண்டனையோ விதித்தல் கூடாது. அவனும் ஒருநாள் நம் தெருவுக்கே திரும்பி வருவான். எழுத்தும் தொழிலும் அறிந்தவனாய் வருவது அவனுக்கு நாம் காட்டும் சலுகையன்று; நமக்கே பாதுகாப்பு.

பொதுஜன சேவையில் இறங்கியுள்ள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. குழுமத்தின் மூன்று ஆசனங்களில் இரண்டு உங்களைப் போன்றோர்க்கே உரியன. சிறுவர் நலனில் ஏழாண்டு உழைத்திருத்தல் வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. மேடையில் நீதி பேசுவோர் அவ்வுழைப்பை இன்றே தொடங்குவாராக.