மண் பூசிய கோவில்

கோவிலைப் புதுப்பிப்பது என்றால் என்ன என்று நம்மில் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். பழைய ஓட்டை இறக்கிவிட்டுக் கான்கிரீட் போடுவது, காரை பெயர்ந்த சுவருக்குச் சிமென்ட் பூசுவது, தரைக்கு மொசைக் பதிப்பது. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் நிதிக் கணக்கை வாசிப்பார். திருநாளுக்குள் வேலை முடிந்துவிட்டால் வாசல் சுவரில் பளிங்குக் கல் பதித்து நன்கொடையாளர் பெயர்களைப் பொறிப்பார்கள். இனி இருபது முப்பது ஆண்டுகளுக்குக் கவலை இல்லை என்று எல்லோரும் வீடு திரும்புவார்கள். அப்படிக் கவலை விட்டது என்று இருந்து, பன்னிரண்டே ஆண்டுகளில் தங்கள் கோவிலுக்கே ஆபத்தைத் தேடிக்கொண்ட ஒரு பங்கைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கே நியூ மெக்சிகோ என்ற மாநிலம் உள்ளது. முதலில் ஸ்பெயின் நாட்டின் கீழும், 1821 முதல் மெக்சிகோவின் கீழும், 1848 முதல் அமெரிக்காவின் கீழும் இருந்து வரும் நிலப்பகுதி இது. அதன் வடபகுதியில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், ராஞ்சோஸ் தே தாவோஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊர் நடுவே புனித பிரான்சிஸ் அசிசியார் கோவில். பிரான்சிஸ்கன் சபைக் குருக்களின் காலத்தில், 1810களில் கட்டி முடிக்கப்பட்டது. கட்டியது கல்லாலும் அல்ல, சுட்ட செங்கல்லாலும் அல்ல. களிமண்ணையும் மணலையும் வைக்கோலையும் குழைத்து அச்சில் வார்த்து வெயிலில் காயவைத்த கல்லால் கட்டியது. அங்கே அதற்கு அடோபி என்று பெயர். நம் பக்கத்தில் பச்சைக்கல் என்போமே, ஏறக்குறைய அதுதான்.

முன்பக்கம் இரண்டு மணிக்கூண்டுகள். பின்பக்கம்தான் உலகம் அறிந்தது. பீடத்தின் பின்சுவர் சாயாதிருக்க அணைத்துக் கட்டிய உதைசுவர்கள், நெல் தூற்றி முட்டுக் கட்டிய அம்பாரம் போலத் திரண்டு நிற்கின்றன. ஒரு நேர்க்கோடு கிடையாது, கூர்முனை கிடையாது. ஜார்ஜியா ஓகீஃப் என்ற ஓவியர் 1929, 1930 ஆண்டுகளில் அந்தப் பின்பக்கத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஆன்செல் ஆடம்ஸ், பால் ஸ்ட்ராண்ட் ஆகிய பெரும் புகைப்படக் கலைஞர்களும் அதையே படம் எடுத்தார்கள். 1970இல் அமெரிக்க அரசு இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அந்த வளைவெல்லாம் எந்தச் சிற்பியும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆண்டாண்டாக மக்கள் கையால் மண் பூசிப் பூசி வந்த வடிவம்!

மண் சுவருக்கு மழை பகை. அங்கே மழை குறைவு, ஆண்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் போலத்தான். ஆனால் பெய்யும்போது சாடிப் பெய்யும். பனியும் உறையும், உருகும். ஆகவே சுவர் கரையாதிருக்க அதன்மேல் ஒரு மண் பூச்சு வேண்டும். மழை அந்தப் பூச்சைத் தின்னட்டும், சுவரைத் தொடாதிருக்கட்டும் என்பது ஏற்பாடு. கரைந்த பூச்சை மறுபடி பூச வேண்டும். இந்த வேலைக்கு ஸ்பானிய மொழியில் எஞ்ஜாரே என்று பெயர். அந்நாட்டு வழக்கப்படி கல் அறுப்பதும் சுவர் எழுப்புவதும் ஆண்கள் வேலை, பூசுவது பெண்கள் வேலை. அப்பெண்களை எஞ்ஜாராதோராஸ் என்று அழைப்பார்கள். மண்ணைச் சலித்து, நறுக்கிய வைக்கோலும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, ஊறவிட்டு, கையில் அள்ளிச் சுவரில் அப்பி அரைவட்டமாக இழுத்துத் தேய்ப்பார்கள். கடைசியாக நைசான மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி, ஆட்டுத்தோலால் மெருகிடுவதும் உண்டு.

இதைப் படித்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவுதான் வந்தது. கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் முன்பே குளத்துக் கரம்பையைக் கொண்டுவந்து, வைக்கோல் போட்டு மிதித்துப் புளிக்கவைத்து, திண்ணைச் சுவரை அவர் பூசுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை போன வழி சுவரில் தெரியும். ராஞ்சோஸ் கோவில் சுவரை நெருங்கிப் பார்த்தால் அப்படித்தான் இருக்குமாம்.

சரி, ஆண்டுதோறும் இந்தப் பாடு எதற்கு? 1967இல் பங்கு மக்களும் இப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தப் பகுதி இளைஞர் பலர் சம்பள வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள். இந்தப் பூச்சு கூலிக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலையும் அல்ல. சிமென்ட் என்றால் ஒருமுறை பணம் திரட்டினால் போதும், மண் என்றால் ஆண்டுதோறும் ஆள் திரட்ட வேண்டும். எந்தப் பங்குப் பேரவையும் முதல் வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். அவ்வாறே கோவிலுக்குச் சிமென்ட் பூச்சு பூசப்பட்டது. பார்வைக்கு நன்றாகவே இருந்தது.

தீங்கு நடந்தது உள்ளே. மண் சுவர் எப்போதும் கொஞ்சம் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தரையிலிருந்து ஈரம் அதில் ஏறும். மேலே மண் பூச்சு இருந்தால் அந்த ஈரம் பூச்சின் வழியே ஆவியாகிப் போய்விடும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். சிமென்ட் அந்த மூச்சை அடைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, வெயிலிலும் குளிரிலும் சிமென்ட் ஒரு விதமாக விரிந்து சுருங்கும், மண் வேறு விதமாக. ஆகவே மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். மழைநீர் வெடிப்பு வழியே உள்ளே போகும், திரும்பி வர வழி இராது. சுவரின் அடிப்பாகம் மெல்ல மெல்ல மறுபடியும் சேறாகும். மண் பூச்சு கெட்டால் மறுநாளே கண்ணுக்குத் தெரியும், கை வைத்துச் சரிசெய்யலாம். சிமென்ட்டோ உள்ளே நடப்பதை மூடி மறைத்துவிடும்.

ராஞ்சோஸ் மக்கள் நேரத்தோடு விழித்துக்கொண்டார்கள். 1979இல் அந்தச் சிமென்ட் பூச்சு முழுவதையும் உரித்து எடுத்தார்கள். உள்ளே அடோபி ஈரத்தால் கெட்டிருந்தது. சிதைந்த இடங்களைச் சரிசெய்து, பழையபடி மண்ணும் வைக்கோலும் பூசினார்கள். செலவழித்துப் பூசியதை மறுபடி செலவழித்து உரிப்பது என்பது, அதுவும் எளிய மக்கள் உள்ள பங்கில், சின்ன முடிவல்ல. அதைவிடப் பெரியது, இனி ஒவ்வோர் ஆண்டும் மண் குழைக்க நாங்கள் வருவோம் என்று தங்கள் பிள்ளைகளையும் சேர்த்துப் பொறுப்பேற்றுக்கொண்டதுதான்.

எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. அதே மலைப்பகுதியில் பிக்கூரிஸ் என்னும் செவ்விந்தியர் ஊரில் இருந்த புனித லாரன்ஸ் கோவிலின் சுவர்கள் 1980களில் ஈரத்தால் நிலைகுலைந்துபோயின. ஊர் மக்கள் பல ஆண்டுகள் தங்கள் கையாலேயே உழைத்து அதைத் திரும்பக் கட்டினார்கள்.

நம் நாட்டிலும் இது கவனிக்க வேண்டிய செய்தி. பழைய கோவில்கள் பல சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. சுண்ணாம்பும் ஈரத்தை விடும், சிமென்ட் விடாது. எங்கள் அம்மாவின் ஊரில் நூறாண்டு கண்ட ஒரு சிறு கோவிலுக்கு நன்கொடை திரட்டிச் சிமென்ட் பூசினார்கள். நான்கு மழைக்காலத்தில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறிச் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்தது. முதலில் கழன்று விழுந்தது நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக் கல்தான்!

பணத்துக்கு வருவோம். மண்ணும் வைக்கோலும் மலிவு என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சாரம் கட்ட வேண்டும், உத்தரமும் கூரையும் பார்க்க வேண்டும், வேலைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். ராஞ்சோஸ் பங்குக்கு ஒரு விநோதமான வருமானமும் உண்டு. பங்கு மண்டபத்தில் 'சிலுவையின் நிழல்' என்ற ஓவியம் இருக்கிறது. ஹென்றி ஆல்ட் என்பவர் 1896இல் வரைந்தது. கலிலேயாக் கடற்கரையில் இயேசு ஆள் உயரத்துக்கு நிற்கிறார். விளக்கை அணைத்தால் பின்னணி ஒளிவிடும், அவர் தோளுக்கு மேல் சிலுவை ஒன்று நிழலாகத் தெரியும். பார்க்க வருவோரிடம் சிறு கட்டணம் வாங்குவார்கள். உண்டியலும் காணிக்கையும் எல்லா ஊரிலும் போலத்தான்.

1986இல் நியூ மெக்சிகோவில் இத்தகைய மண் கோவில்களுக்கு உதவ ஓர் அமைப்பு தொடங்கியது. இன்று கார்னர்ஸ்டோன்ஸ் என்று அதற்குப் பெயர். அதன் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒப்பந்தக்காரரை அனுப்பி வேலையை முடித்துத் தருவதில்லை. ஊர் மக்கள் முன்வர வேண்டும், இளையோர் மண்வெட்டி பிடிக்க வேண்டும். அடோபி வார்க்கவும் பூசவும் தெரிந்த ஆட்கள் வந்து உடன் நின்று கற்றுக் கொடுப்பார்கள். பூசத் தெரிந்த பாட்டிமார் ஒவ்வொருவராக மறைந்து வரும் ஊர்களில், பணத்தைவிட இந்தக் கைப்பழக்கம்தானே முதலில் தீர்ந்துபோகிறது?

ராஞ்சோஸில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் இரண்டு வாரம் போல எஞ்ஜாரே நடக்கிறது. குளிர்காலப் பனி அரித்த இடங்களை முதலில் சுரண்டி நனைப்பார்கள். முற்றத்தில் மண் குவியல், சல்லடை, வைக்கோல் கட்டு, தண்ணீர்க் குழாய். ஆண்களும் ஏறுகிறார்கள், பெண்களும் ஏறுகிறார்கள், பிள்ளைகள் வாளி தூக்குகிறார்கள். படம் எடுக்க வந்த வெளியூர்க்காரரும் விரும்பினால் கை நனைக்கலாம். சாரத்தின் மேல் தட்டில் நிற்பவருக்குக் கீழிருந்து மண் போக வேண்டும், தாமதித்தால் காய்ந்துவிடும்.